அக்கா கடையில் ‘புதுசு’

ஜூன் 8

போல்ட்டுக்கு,

உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்து வாயில் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. நீ போய் எட்டு மாதமாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் கடை தேடிச் சாப்பிடப் போகிற நம் கோஷ்டியில் உன் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கண்டக்டர் அண்ணன் தன் பையை அதில் வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை லாரி பட்டறைச் சந்துக்குப் போனோம். அங்கே ஒரு ஆள் வெள்ளரிக்காயைத் தணலில் சுட்டு, மேலே வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவிக் கொடுக்கிறான். உட்கார இடம் கிடையாது. பழைய டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயரில் உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வடிவியல் பாடம் எடுக்கிற அம்மா வட்டத்துக்குள் விழுந்துவிட்டார் என்று கண்டக்டர் அண்ணன் சொல்ல, டீச்சர் அவர் பங்கு வெள்ளரிக்காயில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளரிக்காய் பிரமாதம். சில்லறைக்காசில் சொர்க்கம்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. நேற்று உன் அக்கா கடைக்குப் போனோம். வழக்கம்போல நாலு மேஜையும் நிறைந்திருந்தது. அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் வைத்தால் இனிக்கிறது. லேசாக இல்லை, நன்றாகவே இனிக்கிறது. சர்க்கரை போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ போட்ட விதி இருக்கிறதே, சமைத்தவரிடம் ‘இது என்ன, ஏன் இப்படி’ என்று கேட்கக் கூடாது, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று. அதனால் சாப்பிட்டோம். நாலாவது கவளத்தில் பிடிபட்டது. மிளகாய்க் காரம் பின்னால் வந்து இனிப்பை அடிக்கிறது. தட்டை வழித்துவிட்டு மூன்று பேரும் ஒரே குரலில் நம் சொல்லைச் சொன்னோம்: “புதுசு.” நம் கோஷ்டியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அடக்கம்.

கிளம்பும்போது என்னிடம், “தம்பி ஸ்கூல் விட்டு வந்துட்டானா?” என்று கேட்டார்கள். நாற்பத்தொரு வயது ஆளைப் பற்றி. உன்னை இன்னும் கிண்டல் பண்ண ஒருத்தர் இருக்கிறார், சந்தோஷப்படு.

கண்ணாடி


ஜூன் 27

கண்ணாடிக்கு,

சாமான் படகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. உன் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டையோடு சேர்ந்து வந்தது. நனைந்த ஓரத்தை இன்ஜின் மேல் காயவைத்துப் படித்தேன். இங்கே தினமும் ஒரே சாப்பாடு. சமையல்காரன் நல்லவன், ஆனால் அவனுக்கு உப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஓய்வு நேரத்தில் உன் கடிதத்தைத்தான் சாப்பிட்டேன்.

மீனில் சர்க்கரையா? அக்காவா? குழம்பில் இனிப்புத் தட்டியது என்று ஒரு கல்யாண வீட்டில் பாதிப் பந்தியில் எழுந்து வந்தவள் அவள். எனக்குப் பத்து வயது. பசியோடு அவள் பின்னால் ஓடி வந்தேன். வயசானால் மனுஷர் மாறுவார்கள் போல. அவளுக்கு அம்பத்தாறு ஆகிறது.

கடிதம் போட்டால் அவள் பதில் போடுவதே இல்லை. முன்பெல்லாம் நான் ஒன்று போட்டால் அவள் இரண்டு போடுவாள். கடையில் கூட்டம் அதிகமா? அடுத்த தடவை அவள் என்ன செய்தாள் என்று ஒன்று விடாமல் எழுது.

போல்ட்


ஜூலை 13

போல்ட்டுக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், வயிற்றெரிச்சல் படாதே.

நேற்று முதலில் பூசணிக்காய் சூப் வந்தது. நல்ல சூப். அப்புறம் சோறு, பருப்பு, முட்டை. முட்டையைப் பாலில் வேகவைத்திருந்தார்கள், ஓட்டோடு. உரித்தால் பால் வாசனை. கடைசியில் பழம் வரும் என்று காத்திருந்தோம். மறுபடியும் அதே பூசணிக்காய் சூப் வந்தது. அதே கிண்ணம், அதே மிளகுத்தூள். கண்டக்டர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காலை மிதித்தேன். விதி விதிதான்.

வெளியே வந்து டீச்சர் விளக்கம் கொடுத்தார் பார். முதலில் குடிக்கும்போது பசியோடு குடித்தோம், கடைசியில் குடிக்கும்போது பசி இல்லாமல் குடித்தோம், சூப் ஒன்றுதான், குடித்த நாம்தான் வேறு என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறோம், இப்படி யோசித்து ஒருவர் பரிமாறியதுண்டா? மீன் குழம்பு சாப்பிட்ட நாளிலிருந்தே, நான் வேலை செய்கிற கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்றே ஏழெட்டுப் புது முகங்கள் இருந்தன. இனி அக்கா கடையில் இடம் பிடிக்க நாம்தான் சண்டை போட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு குறை. அக்கா முன்பு போல உட்கார்ந்து பேசுவதில்லை. சமையல்கட்டுக் கதவருகே நின்று, நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சை முடிவு வாங்க வந்த பிள்ளை மாதிரி. உன்னைப் பற்றியும் கேட்டார்கள். “மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போனானா?” என்றார்கள். கடலுக்கு நடுவில் உனக்குக் குடை எதற்கு என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

கண்ணாடி


ஜூலை 30

கண்ணாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை படித்துவிட்டு உடனே பேனாவை எடுத்தேன்.

நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். ஸ்கூல் விட்டு வந்துட்டானா என்று கேட்டபோது அவள் சிரித்தாளா? குடை பற்றிக் கேட்டபோது முதலில் சிரித்தது நீயா அவளா? நீ சிரித்ததைப் பார்த்து அவள் சிரித்தாளா?

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அவளுக்கு இருபத்தொன்று. தினமும் நாலு மணிக்கு வாசலில் நின்று என்னை எதிர்பார்ப்பாள். அவள் இப்போது கேட்பது கிண்டல் இல்லை. எனக்குத் தெரியும். அவளுக்குக் கிண்டல் பண்ண வராது.

சூப்பை இரண்டாம் தடவை கொண்டுவந்தது யோசித்துச் செய்தது இல்லை. முதல் தடவை கொண்டுவந்ததை அவள் மறந்துவிட்டாள். மீனில் விழுந்தது உப்புக்குப் பதில் சர்க்கரை. இவ்வளவு பெரிய நாக்கு வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் இதைக் கண்டுபிடிக்கவில்லையா?

அந்த விதியை நான் போட்டேன், நானே எடுத்துவிடுகிறேன். கேளுங்கள். என்ன போட்டாய், ஏன் போட்டாய் என்று கேளுங்கள். கேட்டு எழுதும்வரை அங்கே யாரும் எதையும் சாப்பிட வேண்டாம். படகு வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை இந்தக் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கும். என்ன செய்வது என்று தெரியவில்லை.

போல்ட்


ஆகஸ்ட் 4

போல்ட்டுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கண்டக்டர் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அக்கா உருளைக்கிழங்கு கஞ்சி மாதிரி ஒன்று வைத்தார்கள். நாக்கில் பட்டதும் வழுக்கியது, கசந்தது, அப்புறம் சுட்டது. நான் இரண்டு கரண்டியோடு நிறுத்தினேன். டீச்சரும் அப்படித்தான். கண்டக்டர் அண்ணன், “பழகப் பழகப் பிடிபடும்டா, அந்த மீன் மாதிரி” என்று சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்தார். எங்கள் பங்கையும் வாங்கிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாந்தியில் ரத்தம். நாங்கள் மீன் குழம்பிலேயே கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

பாத்திரம் தேய்க்கிற சோடா. அரிசி மாவு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். தொண்டையும் வயிறும் வெந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, டிப்போவில் தண்ணீர் என்று நினைத்து எதையோ குடித்துவிட்டேன் என்று அண்ணன் சாடைகாட்டிச் சொன்னார். அக்கா பேர் வெளியே வரவில்லை.

ராத்திரி சமையல்கட்டுக்குள் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டியிருக்கிறது, அக்கா கையெழுத்தில். உப்பு. சர்க்கரை. ஆவி பட்டுப் பாதிக் காகிதங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. கதவில் ‘பூட்டு’ என்று எழுதியிருக்கிறது. அடுப்புக்கு மேலே ஒரு நீளக் காகிதம். அதில்: ‘பை வைத்திருப்பவர், கண்டக்டர். சேலை, டீச்சர். கண்ணாடி போட்டவன், தம்பியின் சிநேகிதன்.’ 

பாத்திரம் கழுவுகிற அம்மா எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறார்களாம். அவர் சொன்னது இது: “நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா அன்னிக்கு நல்லாத் தூங்குவாங்க. புதுசுன்னு சொன்னா உள்ள வந்து முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுவாங்க. இன்னிக்கும் தப்பாப் போச்சும்பாங்க. உங்க வாயில அந்த வார்த்தை வந்துடக் கூடாதுன்னுதான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

போல்ட், நாங்கள் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்போம்.

கண்ணாடி


ஆகஸ்ட் 19

கண்ணாடிக்கு,

என் கடிதம் உனக்கு ஒரு வாரம் பிந்திக் கிடைத்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டிருந்தாலும் சரிதான்.

உன்மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, என் அக்கா தட்டுத் தடுமாறியதை அதிசயம் என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்ணுகிற ஆள். கோஷ்டியாம், விதியாம், புதுசாம். இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்க மாட்டேன். நீ படி. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும்தான் தட்டை வழித்திருப்பேன். அதையும் படி.

கேப்டனிடம் போய் நின்றேன். மாற்று மெக்கானிக் வந்தால் இறக்கிவிடுகிறேன் என்றார். மாற்று ஆள் எப்போது வருவார் என்றேன். கரையிலிருந்து தகவல் இல்லை என்றார். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நடுவில் இறங்க வேண்டுமென்றால் நீந்தித்தான் வர வேண்டும். எண்பது டன் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை இது. ஒரு பொம்பளையை அடுப்பிலிருந்து நகர்த்த முடியவில்லை.

கண்டக்டர் அண்ணன் காலில் என் சார்பில் விழு. டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப் போ.

போல்ட்


செப்டம்பர் 2

போல்ட்டுக்கு,

திட்டியது போதாது. நேரில் வந்து மிச்சத்தையும் திட்டு.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். கூழ்தான் ஆகாரம். அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப் போனேன். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். “நீங்க டாக்டர், உங்களுக்குத் தெரியாதா?” என்றார்கள் அக்கா. டாக்டரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன கிழமைடா?” என்று ரகசியமாகக் கேட்டார்கள். இது குணமாகிற வியாதி இல்லையாம். மாத்திரை கொடுத்தால் மெதுவாக முற்றும், அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் விடக் கூடாது என்றார்.

அதுதான் நடக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து அடுப்பை மூட்டிவிடுகிறார்கள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். நான் அதட்டிப் பார்த்தேன். “என் கடை, என் அடுப்பு. சொல்றதுன்னா என் தம்பி சொல்லட்டும்” என்கிறார்கள். நீ ஒரு கடிதம் எழுது. அவர்களால் இப்போது படிக்க முடிவதில்லை. ஒரு வரி முடித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி போய்விடுகிறது. நான் படித்துக்காட்டுகிறேன்.

கண்ணாடி


செப்டம்பர் 16

கண்ணாடிக்கு,

இதோடு வைத்திருக்கிறேன். நாலு காகிதம் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் எழுதியது. மெதுவாகப் படி. நடுவில் அவள் ஏதாவது கேட்டால் நிறுத்து.

‘அக்கா, உனக்கு மறதி வந்துவிட்டது. உன் தப்பு இல்லை. உன் சாப்பாட்டால் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடையை மூடிவிடு. இனி நீ சமைக்க வேண்டாம். நான் சொன்னால் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். தம்பி.’

போல்ட்


அக்டோபர் 13

போல்ட்டுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் படித்தேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். “யாருக்கு? யாரு ஆஸ்பத்திரியில?” என்றார்கள். சொன்னேன். அழுதார்கள். சத்தம் போட்டு இல்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்புறம் எழுந்து போய்த் தானே அடுப்பை அணைத்தார்கள். “தம்பி சொல்லிட்டான்ல” என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவி நான்.

மறுநாள் காலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மறுபடியும் படித்தேன். “யாருக்கு? யாரு ஆஸ்பத்திரியில?” அதே கேள்வி, அதே கண்ணீர். மூன்றாம் நாளும் அப்படித்தான். பதினொரு காலை படித்துவிட்டேன். கடிதம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவர்களுக்குப் பதினொரு தடவையும் அது இப்போதுதான் வந்திருக்கிறது. பதினொரு தடவை அவர்களுக்கு வியாதி வந்திருக்கிறது, பதினொரு தடவை கடை போயிருக்கிறது. கசாப்புக்காரன்கூட ஒரு உயிரை ஒரு தடவைதான் வெட்டுகிறான்.

பன்னிரண்டாம் நாள் என்னால் முடியவில்லை. கடிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். நானும் டீச்சரும் முறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பதாக ஏற்பாடு. வெளிக்கதவைப் பாதி இறக்கிவிட்டோம், ஆட்கள் வருவதில்லை. சோடாவும் மண்ணெண்ணெயும் என் கடைக்கு வந்துவிட்டன. அக்கா சமைக்கிறார்கள், நாங்கள் சாப்பிடுகிறோம். அண்ணனும் வந்து கூழோடு உட்காருகிறார். என்ன போட்டாலும் நல்லா இருக்கு என்கிறோம். நேற்று உப்பே இல்லை. நல்லா இருந்தது.

இதோடு முடித்திருந்தால் தேவலை. கிழித்துப் போட்ட மறுநாள், நான் உள்ளே நுழைந்ததும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். “தம்பிகிட்டருந்து கடுதாசி வந்துச்சுல்ல, படி” என்றார்கள். அதில் என்ன இருந்தது என்று நினைவில்லை. வந்தது மட்டும் நினைவிருக்கிறது. தினமும் காலையில் நான் வந்து தம்பி கடிதம் படிப்பேன் என்பது மட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்டது. இன்னும் வரலைக்கா என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. இன்றைக்கும் கேட்டார்கள். தினமும் கேட்கிறார்கள். நானாக ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்று பார்த்தேன், உன் குரல் என் வாயில் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?

கண்ணாடி


அக்டோபர் 25

கண்ணாடிக்கு,

கிழித்தது நல்லது. எழுதியவன் கையைத்தான் கிழித்திருக்க வேண்டும்.

மாற்று ஆள் வரவில்லை. மார்ச்தான். அதற்குள் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று டாக்டரிடம் கேட்காதே, கேட்டாலும் எனக்கு எழுதாதே.

இதோடு வேறொரு கடிதம் வைத்திருக்கிறேன். சின்னதுதான். தேதி போடவில்லை. தினமும் காலையில் அவள் உட்கார்ந்ததும் படி. காகிதம் மடிப்பில் கிழிந்துவிடும் என்று கப்பல் வரைபடத் தாளில் எழுதியிருக்கிறேன், தாங்கும். அதில் இருப்பது பொய்தான். பரவாயில்லை, ஒவ்வொரு காலையும் அவளுக்கு அது முதல் தடவை.

என்றைக்காவது அவள் ‘எந்தத் தம்பி’ என்று கேட்டால், அன்றோடு நிறுத்திவிடு.

போல்ட்


அக்கா,

நான் சௌக்கியம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். குடை இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வந்துவிடுவேன்.

தம்பி